அகதியின் கதையில் பார்ப்பவருக்கு எதற்குத் தெரிவு?

அகதியின் உண்மைக் கதையை இனி ஊடாட்டக் காட்சி ஊடகத்தில்தான் சொல்லவேண்டும், அச்சு எழுத்தின் காலம் முடிந்துவிட்டது என்று இளம் ஊடகவியலாளர் சிலர் வாதிடுகின்றனர். திரையைத் தொட்டு, முடிவுகளைத் தாமே எடுத்து, அகதியாக வாழ்ந்து பார்த்தால்தான் வாசகருக்கு உறைக்குமாம். இவ்வாதத்தை நான் ஏற்கவில்லை.

சிரிய அகதிப் பெண்ணொருத்தியின் உண்மை அனுபவத்தால் தூண்டப்பட்டு 2017 இல் 'பரி மீ, மை லவ்' என்ற பிரெஞ்சுக் கைப்பேசி விளையாட்டு வெளிவந்தது. தப்பியோடும் மனைவிக்குக் குறுஞ்செய்தியில் ஆலோசனை சொல்லும் கணவனாக நாம் ஆடவேண்டும். அக்கறையோடு ஆக்கப்பட்ட படைப்புத்தான். ஆயினும் அதற்குப் பத்தொன்பது முடிவுகள் உள்ளன. உண்மையான பெண்ணுக்கு வாய்த்தது ஒரே முடிவு.

மஹய்யாவவிலிருந்து இதை எழுதுகிறேன். கண்டி நகரைத் துப்புரவு செய்யத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் நெருக்கமான வீடுகளில் வாழும் இடம் இது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எழுதிக்கொண்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் சரிபாதியாகப் பிரித்தனர்.

இக்கதையை ஊடாட்டமாக்குவோர் எந்த இடத்தில் பொத்தானை வைப்பார்கள்? விண்ணப்பப் படிவம் இருந்தது உண்மையே. ஆனால் எந்த நாட்டுக்கு எத்தனை பேர் என்ற எண் அதற்கு முன்பே எழுதப்பட்டாயிற்று. கோச்சியேறித் தலைமன்னார் சென்று கப்பலில் கடல் கடந்தவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர் வைத்தார்கள். அகதி என்ற சொல்கூட அவர்களுக்குக் கிட்டவில்லை.

பார்ப்பவரிடம் தெரிவைக் கொடுத்த மறுகணம், "நானாக இருந்தால் வேறு வழியில் போயிருப்பேன்" என்ற எண்ணம் அவருக்குள் எழுகிறது. பழி அகதியின் தலையில் விழுகிறது, சட்டமியற்றியவர்கள் தப்பிவிடுகிறார்கள். என் எதிர்ப்பின் வேர் இதுவே.

தெரிவு இல்லாவிட்டால் எவர் பார்ப்பார் என்று கேட்கலாம். வன்னியில் ஐ.நா. பணியிலிருந்து, 2008 செப்டம்பரில் அந்நிறுவனம் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது உடன் வெளியேற நேர்ந்தவர் பெஞ்சமின் டிக்ஸ். அவர் ஓவியர் லிண்ட்சே பொலொக்குடன் சேர்ந்து 2019 இல் 'வன்னி' என்ற சித்திர நூலை வெளியிட்டார். உயிர் தப்பியோரின் வாக்குமூலங்களைக் கற்பனைக் குடும்பங்களின் கதையாக இணைத்ததால், சொன்னவர் முகம் மறைகிறது, நடந்தது மறையவில்லை. அவுஸ்திரேலியத் தடுப்பு நிலையமொன்றைப் பற்றி சஃப்தர் அகமத் வரைந்து இணையத்தில் வந்த 'வில்லவுட்' 2015 இல் வோக்லி விருது பெற்றது. இரண்டிலும் வாசகர் கதையின் போக்கை மாற்றமுடியாது. ஆனாலும் வாசிக்கப்பட்டன.

முகம் மறைப்பது சிறு விடயமல்ல. 1983 க்குப் பின் படகேறித் தமிழ்நாட்டு முகாம்களை அடைந்தோரில் மலையகத் தமிழரும் உள்ளனர். பலருக்கு இன்றும் இந்தியக் குடியுரிமை இல்லை. 2019 ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கையரைச் சேர்க்கவில்லை. அத்தகையவர் ஒருவர் இன்று சொல்லும் கதை, நாளை அவரது மனுவோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படலாம். ஒரு தேதி பிசகினாலும் பாதிக்கப்படுபவர் அவர். விருது வாங்கியவர் அல்ல.

ஆகவே இத்துறைக்கு வரும் இளையோரிடம் மூன்றை வேண்டுகிறேன். முடிந்த படைப்பை, கதை சொன்னவருக்கு அவருடைய மொழியில் முதலில் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் எந்நாளிலும் நீக்குங்கள். பொத்தான் வைத்தே தீரவேண்டுமெனில் அதை ஆவணத்தின் மேல் வையுங்கள்: தொட்டால் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகம் திறக்கட்டும், 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் எண்கள் தெரியட்டும். வாசகர் அகதியாக நடிக்கவேண்டியதில்லை. அகதியாக்கியவர் யார் என்று அறிந்துகொண்டால் போதும்.