பெயர் கண்டு மயங்கற்க!

இற்றைப் பல்கலைக்கழக மாணவரிடைச் 'செயற்கை நுண்ணறிவு' என்னுஞ் சொல் வழங்காத நாளில்லை. அச்சொல்லைக் கேட்டவுடன் அவர்தம் உள்ளத்தில் எழும் உருவந்தான் யாது? ஒரு சாரார்க்கு அஃது எல்லாம் அறிந்த ஆசான். மறு சாரார்க்கோ வேலையைப் பறிக்க வரும் பேய். முன்னவர் தொழுகின்றனர், பின்னவர் நடுங்குகின்றனர். ஆயினும், பொறிக்குள் ஓர் உள்ளம் உண்டென்று நம்புவதில் இருவரும் ஒருவரே!

இம்மயக்கத்திற்குப் பெயரும் ஒரு வித்து. 1955-ஆம் ஆண்டில் சான் மெக்கார்த்தி முதலிய அமெரிக்க அறிஞர் நால்வர், மறு ஆண்டுக் கோடையில் தார்த்துமத்துக் கல்லூரியில் ஆய்வரங்கு கூட்டுதற்குப் பொருளுதவி வேண்டி விடுத்த முன்மொழிவில் இப்பெயரைச் சூட்டினர். பிள்ளை பிறக்குமுன் பெயர் பிறந்துவிட்டது! 'அறிவு' என்று பெயரிட்டபின், அங்கே அறிவு உண்டா என்று ஆராய்வார் எத்துணைப் பேர்?

1966-இல் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் சோசப்பு வைசன்பாம் 'எலிசா' என்னும் கணினி நிரலை வெளியிட்டார். உரையாடுவோர் சொல்லையே திருப்பி வினாவாக்கித் தருவதே அதன் வேலை. அவர் அதனை உருவாக்கியதைப் பன்மாதங்கள் அருகிருந்து கண்டவர் அவருடைய செயலரம்மையார். அவரே அதனோடு சிறிது உரையாடியதும், தனித்துப் பேசவேண்டும் என்று பேராசிரியரை அறையைவிட்டு வெளியேறச் சொன்னார். ஆக்கத்தைக் கண்ணாற் கண்டவர்க்கே இம்மயக்கமெனின், காணாத மாணவர்க்குக் கேட்பானேன்?

2022 நவம்பரில் வெளிவந்த சாட்சிபிடி எலிசாவினும் பன்மடங்கு ஆற்றல் மிக்கது. எனினும், முன்வந்த சொற்களை நோக்கி அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்து அடுக்குவதே அதன் அடிப்படை. ஆகலின், மெய்யையும் பொய்யையும் ஒரே மிடுக்கோடு அது மொழியும். அது புனைந்து தந்த, இல்லாத தீர்ப்புகளை மன்றில் காட்டிய நியூயார்க்கு வழக்கறிஞர் இருவர் 2023-இல் 5,000 தாலர் தண்டத்திற்கு ஆளாயினர். கற்றறிந்த வழக்கறிஞர் வீழ்ந்த குழியில் மாணவர் வீழ எத்துணை நேரமாகும்?

இன்னுமொன்று. அப்பொறி பிறர் எழுதிவைத்தவற்றினின்றே பயில்கின்றது. 2020-இல் வந்த சிபிடி-3 பயின்ற சொற்களில் நூற்றுக்குத் 90-க்கு மேற்பட்டவை ஆங்கிலம். உலக மொழிகள் அனைத்திற்கும் எஞ்சியது பத்தினுங் குறைவு! எழுதாத மொழிக்கு அங்கே இடமில்லை. எண்ணாத இனத்திற்கு அங்கே குரலில்லை. தானே எண்ணி எழுத வேண்டிய தமிழ் மாணவன் அப்பணியையும் பொறிக்கே விடுவானாயின், பிறர் எண்ணத்தின் எதிரொலியாவதன்றி வேறென்னாவான்?

கருவியைத் தள்ளுக என்பதன்று. கருவியெனத் தெளிந்து கையாளுக என்பதே. ஏர் உழும், எதை விதைப்பதென்று அஃது அறியாது.

மாணவர்களே! வினவுமுன் எண்ணுங்கள், விடை வந்தபின் ஆயுங்கள், ஆய்ந்ததைத் தமிழில் எழுதுங்கள். அறிவு பெயரில் இல்லை, உழைப்பில் உள்ளது!