கூரைக்காரருக்கு மானியம், குடிசைக்காரருக்கு வெள்ளமா?



மழை எல்லோருக்கும் பொது என்பது பழைய பேச்சு. பெங்களூரில் மழை பொதுவாகத்தான் பெய்கிறது. ஆனால் பொதுவாக ஓடுவதில்லை. மேட்டில் இருப்பவரின் கான்கிரீட் மீது விழுந்த தண்ணீர், பள்ளத்தில் இருப்பவரின் அடுப்புக்குள் வந்து நிற்கிறது. இதை ஈஜிபுராவிலும், எல்.ஆர். நகரிலும், லிங்கராஜபுரத்திலும் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அரிசிப் பானையையும் பிள்ளைகளின் புத்தகப் பையையும் பரண்மேல் ஏற்றி வைத்துவிட்டு, விடிய விடியக் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் நாம்.

இப்போது ஒரு புதிய யோசனை காதில் விழுகிறது. தனியார் மனைகளில் ரீசார்ஜ் கிணறு தோண்டவும், மழைத் தொட்டி கட்டவும், சிமெண்டுத் தளத்தைப் பெயர்த்துத் தோட்டம் போடவும் மனை உரிமையாளர்களுக்கு அரசு மானியம் கொடுக்க வேண்டுமாம். அபராதத்தால் நடக்காத காரியம் சலுகையால் நடந்துவிடுமாம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி கேட்காமல் நாம் கையைத் தட்டப் போவதில்லை. யார் பணம்? யாருக்கு மானியம்?

சட்டம் இருக்கிறது, மீட்டரில் தொங்குகிறது

பெங்களூர் குடிநீர் வாரியச் சட்டம் 2009-ல் திருத்தப்பட்டது. 60-க்கு 40 அடி மனையில் ஏற்கனவே கட்டிய வீடுகளும், 30-க்கு 40 அடி மனையில் புதிதாகக் கட்டும் வீடுகளும், அவற்றுக்கு மேற்பட்ட எல்லாக் கட்டடங்களும் மழைநீர் சேகரிப்பு செய்தே ஆக வேண்டும் என்றார்கள். செய்யாதவர்களுக்குத் தண்ணீர் பில்லின் மேல் சதவீதக் கணக்கில் அபராதம் போட்டார்கள். 2021-ல் மறுபடி திருத்தி விதிகளைக் கடுமையாக்கினார்கள்.

நடந்தது என்ன? வசதியுள்ளவர் அபராதத்தை மாதாந்திர வாடிக்கையாகக் கட்டிக்கொண்டே இருக்கிறார். வாடகைக்கு விட்டிருப்பவர் அதைக் குடித்தனக்காரர் தலையில் ஏற்றிவிடுகிறார். வட்டாரத்தில் ஒரே குழாயை ஆறு குடும்பம் பங்கு போடும் நம் மக்கள், தங்களுக்குச் சொந்தமில்லாத கூரைக்கு அபராதம் கட்டுகிறார்கள்!

இன்னொரு ஓட்டையும் உண்டு. அபராதம் தண்ணீர் பில்லோடு கட்டப்பட்டது. வாரியத்தின் குழாயே இல்லாமல், போர்வெல்லும் டாங்கர் லாரியும் வைத்து நடக்கும் இடத்துக்கு எந்தத் தண்ணீர் பில்லில் அபராதம் போடுவது? மீட்டர் இல்லாதவர் தப்பினார். மீட்டர் வைத்தவர் மாட்டினார். மழை மீட்டரைப் பார்த்தா பெய்கிறது?

கணக்குப் பார்ப்போம்

பெங்களூரில் வருஷத்துக்குச் சராசரியாக 970 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. 30-க்கு 40 மனை என்பது 1,200 சதுர அடி. அது முழுவதும் கூரை என்று வைத்துக்கொண்டாலும் வருஷத்தில் அதன்மேல் விழுவது ஒரு லட்சத்து எட்டாயிரம் லிட்டர் அளவுதான். ஒரு ஏக்கர் கான்கிரீட்டின் மீது விழுவதோ 39 லட்சம் லிட்டர். 6,000 லிட்டர் டாங்கர் லாரிக் கணக்கில் சுமார் 650 லாரி. ஒரே சாயங்காலம் 50 மில்லிமீட்டர் கொட்டினால், அந்த ஒரு ஏக்கரிலிருந்து மட்டும் இரண்டு லட்சம் லிட்டர் கிளம்பிக் கீழே வருகிறது. இப்படி எத்தனை ஏக்கர் ஐ.டி. பூங்கா, எத்தனை ஏக்கர் மால், எத்தனை ஏக்கர் கார் நிறுத்தும் திடல்! வெள்ளத்தை உண்டாக்குவது யார் என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

இந்த ஊருக்கு முன்பு இந்தக் கதி இல்லை. ஏரிக்கு ஏரி கால்வாய் வைத்து, மேல் ஏரி நிரம்பினால் கீழ் ஏரிக்குப் போகும்படி முன்னோர் அமைத்தார்கள். அந்தக் கால்வாய்தான் ராஜகாலுவை. தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் நிலையம் ஆயிற்று. சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியம் ஆயிற்று. ஏரிகளைத் தின்றது குடிசைக்காரர் அல்ல. மிச்சமிருந்த கால்வாய் ஓரத்தில், வேறு போக்கிடம் இல்லாமல் ஒண்டியவர்தான் அவர். 2009 மே மாத மழையில் லிங்கராஜபுரத்தில் ஒரு சின்னஞ்சிறுவனைக் கால்வாய் அடித்துக்கொண்டு போயிற்று. உடல்கூடக் கிடைக்கவில்லை.

2022 ஆகஸ்டு, செப்டம்பரில் வெளிவட்டச் சாலை மூழ்கியது. கம்பெனிகளின் சங்கம் 225 கோடி ரூபாய் நஷ்டம் என்று முதலமைச்சருக்குக் கடிதம் எழுதியது. சர்ஜாபூர் சாலைப் பங்களாவாசிகள் டிராக்டரில் வெளியேறியதை நாடே படம் பிடித்துப் பார்த்தது. குடிசையில் நனைந்த அரிசிக்கும், கூலி போன நாட்களுக்கும் யார் கணக்கு எழுதினார்கள்? பிறகு ஆக்கிரமிப்பை இடிக்கிறோம் என்று புல்டோசர் வந்தது. பெரிய இடத்துக்கு அளவை, மறு அளவை, நோட்டீஸ், கோர்ட் தடை. சிறிய வீட்டுக்கு மட்டும் அன்றைக்கே தீர்ப்பு!

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள்?

மானியம் என்பதே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரம் மழைநீரை மண்ணில் இறக்கும் வேலைக்குத் தனியார் நிலத்துக்கும் பணம் கொடுக்கிறது. இதை எடுத்துக்காட்டாகச் சொல்கிறவர்கள் பாதிக் கதையை விழுங்கிவிடுகிறார்கள். மீதிக் கதை இதுதான்: அந்த நகரம் 2010-ல் முதலில் மழைநீர்க் கட்டணத்தை மாற்றியது. அதுவரை தண்ணீர் மீட்டரை வைத்து வாங்கினார்கள். அதனால் மீட்டரே இல்லாத கார் நிறுத்தும் திடல்கள் ஒன்றும் கட்டாமல் தப்பின. பிறகு பெரிய இடங்களுக்கு, நிலம் எவ்வளவு, அதில் தண்ணீர் இறங்காத தளம் எவ்வளவு என்று பார்த்துக் கட்டணம் போட்டார்கள். ஜெர்மனியின் பெர்லினில் 2000-ஆம் ஆண்டு முதல் மூடிய தளத்தின் சதுர மீட்டர் கணக்கில் தனிக் கட்டணம் இருக்கிறது. தளத்தை மூடியவர் பணம் கட்ட வேண்டும். திறந்துவிட்டால் கட்டணம் குறையும். முதலில் வசூல், பிறகு உதவி. இங்கே பேசப்படுவதோ வசூலே இல்லாத உதவி. நாம் தீப்பெட்டி வாங்கும்போதும் கட்டும் வரியை எடுத்து, ஏக்கர் கணக்கில் கான்கிரீட் போட்டவருக்கு வெகுமதி!

தமிழ்நாட்டு அனுபவமும் நம் கண்முன் இருக்கிறது. 2003-ல் அவசரச் சட்டம் போட்டு ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். பல இடங்களில் கிணறு ஊறியது உண்மை. சுவரில் ஒரு குழாயை ஒட்டிவைத்துக் கணக்குக் காட்டிய வீடுகள் இருந்ததும் உண்மை. பராமரிப்பைக் கேட்க ஆள் இல்லை. 2019 கோடையில் அதே சென்னை குடத்தோடு வீதியில் நின்றது. கட்டாயம் மட்டும் போதாது. பணமும் வேண்டும், வருஷா வருஷம் பார்க்கும் கண்ணும் வேண்டும் என்பதே பாடம்.

நமக்கு நிலமில்லை, நமக்கு ஏன் இந்தப் பேச்சு?

நம்மவர்களிலேயே சிலர் இப்படிக் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறோம்: இந்த ஊரில் தண்ணீர்ப் பேச்சு எப்போது முற்றினாலும் முதலில் கதவைச் சாத்திக்கொண்டு நடுங்குவது யார் வீடு? 1991 டிசம்பரை மறந்துவிட்டீர்களா? 2016 செப்டம்பரை மறந்துவிட்டீர்களா?

2007-ல் காவிரி நடுவர் மன்றம் பெங்களூரின் குடிநீர்த் தேவையில் பாதி நிலத்தடி நீரிலிருந்து கிடைக்கும் என்று கணக்கு வைத்தது. 2018 பிப்ரவரி 16-ல் சுப்ரீம் கோர்ட் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. கர்நாடகத்துக்குக் கூடுதலாகத் தந்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 டி.எம்.சி. பெங்களூர் குடிநீருக்காக. தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் விட வேண்டிய தண்ணீர் 192-லிருந்து 177.25 டி.எம்.சி. ஆனது. பெங்களூர் மண்ணில் இறங்காத ஒவ்வொரு மழையும் தஞ்சை வயலையும் மண்டியா வயலையும் ஒரே நேரத்தில் தொடுகிறது. 2024 மார்ச்சில் போர்வெல்கள் வற்றி ஊரே தவித்தது. அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் திறந்து, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டருக்கு வழி செய்தார்கள். ஏறக்குறைய 100 கிலோமீட்டரிலிருந்து, மலையேற்றுவது போல் பம்ப் செய்து வரும் தண்ணீர் அது. தலைமேல் விழும் தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டுத் தொலைதூர ஆற்றுக்குச் சண்டை போடுவது யாருக்கு லாபம்? தமிழ்த் தொழிலாளிக்கும் இல்லை, கன்னடத் தொழிலாளிக்கும் இல்லை. ஆகவே இது நம் பேச்சுதான். கன்னடச் சகோதரர்களோடு சேர்ந்தே பேச வேண்டிய பேச்சு.

நாம் கேட்பது

மாநகராட்சி நிர்வாகம் 2025-ல் மாறியது. பழைய மாநகராட்சி போய், பெரு பெங்களூர் ஆணையமும் ஐந்து மாநகராட்சிகளும் வந்திருக்கின்றன. பலகையை மாற்றியது போதும். கொள்கையை மாற்றுங்கள்!

ஒன்று: அரை ஏக்கருக்கு மேற்பட்ட எல்லா மனைகளுக்கும் மூடிய தளத்தின் சதுர அடிக் கணக்கில் மழைநீர்க் கட்டணம் போடு. அரசு நிலத்துக்கும் விலக்கு வேண்டாம். நாங்கள் வேலை பார்க்கும் ரயில்வேக்கும் வேண்டாம்.

இரண்டு: அந்தப் பணத்தில் முதல் மானியம் 30-க்கு 40-க்கு உட்பட்ட வீடுகளுக்கும், குடிசைப் பகுதிகளின் பள்ளி, கோயில், சர்ச், மசூதி, சங்கக் கட்டடங்களுக்கும் கொடு. காத்தா கேட்டு அலைக்கழிக்காதே. ஹக்குப் பத்திரமோ குடியிருப்புச் சான்றோ போதும்.

மூன்று: வீட்டுக்காரர் அபராதத்தைக் குடித்தனக்காரர் மேல் சுமத்தக் கூடாது என்று விதியில் எழுது.

நான்கு: கிணறு தோண்டும் வேலையைக் காண்டிராக்டருக்குக் கொடுக்காதே. தலைமுறை தலைமுறையாக இந்த ஊருக்குக் கிணறு வெட்டிய மண்ணு வட்டர்கள் - நம்மூரில் ஒட்டர் என்போமே, அவர்கள் - இன்றும் இருக்கிறார்கள். அவர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கு நியாயக் கூலியோடு கொடு. பத்து லட்சம் கிணறு என்று தன்னார்வ நண்பர்கள் அவர்களோடு சேர்ந்து ஏற்கனவே வேலை தொடங்கியிருக்கிறார்கள்.

ஐந்து: ராஜகாலுவை ஓரத்தில் ஒரு குடிசையைத் தொடுவதற்கு முன், பிழைப்புக்குப் பக்கத்திலேயே மாற்று வீடு கொடு. ஆக்கிரமிப்பை அகற்றுவதானால் பெரியதிலிருந்து தொடங்கு.

இந்த ஐந்தையும் கன்னடத்திலும் எழுதி, தெருத் தெருவாகக் கையெழுத்து வாங்குவோம். குடித்தனக்காரர்களே, உங்கள் தண்ணீர் பில்லில் அபராதம் ஏறியிருந்தால் அந்தப் பில்லைச் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். வாயால் சொன்னால் மறுப்பார்கள். காகிதத்தை மறுக்க முடியாது. அடுத்த மழைக்கு முன் நாம் கூடவில்லை என்றால், அடுத்த மழை நம்மைக் கட்டில்மேல் கூட்டும்!