அடைத்த நாட்டில் ஒரு வாயில்

திருவள்ளுவனார் தூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தனர். ஆயின் அதன்கண் பேசப்படுவது வேந்தன் சொல்லை வேற்று வேந்தரிடத்து எடுத்துரைப்பவன் இயல்பேயாம்; அயல்நாட்டிற் சிறைப்பட்ட எளிய குடிமகனைச் சென்று காண்பவன் அங்கு இல்லை. பிற்காலத்தில் கான்சல் என்னும் அதிகாரிக்கு உரியதாயிற்று அத்தொழில். அதன் அருமை, உலகத்தோடு ஒட்டாது தனித்து நிற்கும் வட கொரியாவை நோக்குவார்க்கு நன்கு விளங்கும்.

“கொடுங்கோலர் தலைநகரில் நம் கொடி பறத்தல் அவர்க்கே பெருமையாம், ஆதலின் தூதரகத்தை மூடிவிடுதலே தக்கது” என்பர் சிலர். யான் இதற்கு உடன்படேன்.

ஐக்கிய அமெரிக்காவுக்குப் பியாங்யாங் நகரில் தூதரகம் இல்லை. அங்கு அகப்படும் அமெரிக்கர்தம் நலத்தை ஸ்வீடன் தேசமே பேணி வருகின்றது. பகை கொண்ட அரசு தன் குடிகளின் காவலை மூன்றாவது அரசிடம் ஒப்புவித்தலை 1961 ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை ஏற்கின்றது. மேனாட்டாருள் முதன்முதல் 1975 இல் அங்குத் தூதரகம் அமைத்தோர் ஸ்வீடன் நாட்டாரே. இவர்கள் அக்காலத்து விற்ற ஏறத்தாழ ஆயிரம் வால்வோ கார்களின் விலை பல்லாண்டு கழிந்தும் வந்தபாடில்லை! கடன்பட்டவன் வீட்டு வாயிலில் இத்துணைப் பொறுமையுடன் நின்றாரை யான் அறியேன்.

கான்சலின் கை குறுகியதே; அதனை மறைத்தற்கில்லை. 2016 இல் ஆட்டோ வாம்பியர் என்னும் அமெரிக்க மாணவர், சுவரொட்டி ஒன்றைத் திருட முயன்றார் எனப் பதினைந்தாண்டுக் கடுந்தண்டனை பெற்றனர். அகவை இருபத்தொன்று, நம்மினும் சிறிது மூத்தவர். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ஸ்வீடன் அதிகாரி அவரைக் காண இசைவு பெற்றனர். பின்னர்ப் பலகால் வேண்டியும் மறுக்கப்பட்டனர். 2017 ஜூனில் உணர்விழந்த நிலையில் தாயகம் கொணரப்பட்ட அவர் சின்னாளில் மாண்டார். இங்ஙனமாயின் கான்சலால் யாது பயன் என வினவலாம். கதவைத் தட்டுவாரும் இலராயின், மறுக்கப்பட்டது என்பதையேனும் உலகம் எங்ஙனம் அறியும்?

தட்டுவார் இல்லாத காலமும் வந்தது. 2020 இல் பெருந்தொற்றுக்கு அஞ்சி அந்நாடு எல்லையை அடைத்தது. 2021 பிப்ரவரியில் ருஷ்யத் தூதரகத்தார் சிலர், குழந்தைகளுடன், தண்டவாளத்திற் கைவண்டியைத் தாமே தள்ளிக்கொண்டு எல்லை கடந்தனர். ஸ்வீடன் அதிகாரிகளும் முன்னரே வெளியேறியிருந்தனர். அந்நிலையில் 2023 ஜூலையில் அமெரிக்கச் சிப்பாய் ஒருவன் தென் கொரியாவினின்றும் எல்லை தாண்டி உட்புகுந்தான். அவனைச் சென்று காணப் பியாங்யாங்கில் ஸ்வீடன் அதிகாரி எவரும் இலர். எனினும் செப்டம்பரில் அவன் வெளியேற்றப்பட்டபோது, அவனை அழைத்துச் சென்று சீனத்திற் சேர்த்தோர் ஸ்வீடன் நாட்டாரே. மறு ஆண்டு செப்டம்பரில் அவர்கள் தம் தூதரகத்திற்கு மீண்டனர்.

நம் இந்தியாவும் 1973 முதல் இரு கொரியாக்களோடும் தூதுறவு பூண்டுள்ளது. 2021 ஜூலையில் நம்மவர் பியாங்யாங்கை விட்டு நீங்கினர். 2024 டிசம்பரில் மீண்டும் சென்றனர். அங்ஙனம் சென்றதைப் பிழையென்பாரை யான் ஒன்று கேட்பேன். நம் மாலுமி ஒருவன் நோயுற்று அந்நாட்டுத் துறைமுகத்தில் இறக்கப்படுவானாயின், அவன் தாய்க்கு அவன் நிலையை எழுதுவார் யாவர்?