‘சுதந்திர’ப் பயில்வானும் காண்டிராக்ட் கூலியும்

தூத்துக்குடி மில் தொழிலாளத் தோழர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பஞ்சப்படியைப் பற்றியல்ல, ஆட்குறைப்பைப் பற்றியுமல்ல. தம் மகனைப் பற்றி எழுதியிருக்கிறார்.

மகன் பழைய துறைமுகத்தில் தோணிகளுக்குச் சரக்கு ஏற்றுகிறான். காண்டிராக்ட் கூலி. இரவு வீடு திரும்பினால் கையில் செல்போன். அதில் அமெரிக்கக் குஸ்தி. அதிலும் சாதாரணக் குஸ்தி அல்ல. இரும்பு நாற்காலியால் மண்டையில் அடிப்பது, முள்கம்பிச் சுருளில் உருட்டுவது, குழல் விளக்கை மார்பில் அடித்து நொறுக்குவது. “ஏம்ல இந்தக் கண்றாவி?” என்று தகப்பனார் கேட்டால் மகன் சொல்கிறானாம்: “அவன் யாருக்கும் அடிமை இல்லப்பா. சுதந்திரமான ஆளு. இன்னைக்கு ஒரு ஊர்ல சண்டை போடுவான், நாளைக்கு வேற ஊரு. உங்கள மாதிரி சங்கு ஊதுனதும் கேட்டுக்குள்ள ஓடுறவன் இல்ல.”

“இவனுக்கு நான் என்ன பதில் சொல்ல? நீங்களே எழுதுங்கள்” என்று தோழர் முடித்திருக்கிறார்.

எழுதுகிறோம். குஸ்தியைப் பற்றித் தொழிலாளர் பத்திரிகை எழுதலாமா என்று முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். தாரா சிங்கும் கிங்காங்கும் மோதுகிறார்கள் என்றால் தெருவே திரண்ட நாட்கள் உண்டு. அந்தத் தாரா சிங் யார்? பஞ்சாபின் தர்முச்சக் கிராமத்து விவசாயி வீட்டுப் பிள்ளை. 1947ல் சிங்கப்பூருக்குப் போய், பீப்பாய் செய்யும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே குஸ்தி பழகியவர். நம்மைப் போன்ற உழைப்பாளிதான். பயில்வானின் உடம்பு உழைப்பாளியின் உடம்பு. ஆகவே அது நம்முடைய விஷயம்.

முதலில் ஒன்றைத் தீர்த்துவிடுவோம். “எல்லாம் பொய்ச் சண்டை, முன்கூட்டியே பேசி வைத்தது, அதைப் பார்த்து என்ன உருகல்?” என்று சிலர் சொல்வார்கள். பேசி வைத்ததுதான். யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்பதை முதலாளி தீர்மானிக்கிறான். முதலாளிகளே இதை வாயைத் திறந்து ஒப்புக்கொண்டவர்கள். 1989ல் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாகாணத்தில், இது விளையாட்டு அல்ல, வெறும் கேளிக்கை என்று அந்தக் கம்பெனிக்காரர்களே சர்க்காரிடம் சொன்னார்கள். எதற்காக? உண்மையின் மேல் கொண்ட காதலா? இல்லை ஐயா! விளையாட்டு என்றால் சர்க்கார் மேற்பார்வை உண்டு, வரி உண்டு. கேளிக்கை என்றால் இரண்டும் இல்லை. அவ்வளவுதான் சங்கதி.

ஆனால் முடிவு பொய்யானால் அடியும் பொய்யாகிவிடுமா? 1998 ஜூன் 28 அன்று பிட்ஸ்பர்க் நகரில் மிக் போலி என்ற பயில்வான் இரும்புக் கூண்டின் உச்சியிலிருந்து தூக்கி எறியப்பட்டார். அதற்கு நான்கு வருஷம் முன்பு ஜெர்மனியின் மூனிக்கில் அவருடைய காதில் ஒரு பகுதி பிய்ந்தே போயிற்று. 1999 மே 23 அன்று ஓவன் ஹார்ட் என்ற பயில்வானை, கன்ஸாஸ் சிட்டியில் அரங்கத்தின் கூரையிலிருந்து கயிற்றில் இறக்கினார்கள். பிடி விட்டது. சுமார் 78 அடி உயரத்திலிருந்து விழுந்து செத்தார். அதன்பின் என்ன நடந்தது தெரியுமா? கம்பெனி காட்சியை நிறுத்தவில்லை. அதே இரவு, அதே மேடையில் அடுத்த ஜோடியை ஏற்றினார்கள்! டிக்கெட் விற்றாகிவிட்டதே! மில்லில் ஒருவன் கை பெல்ட்டில் சிக்கினால், ரத்தத்தைத் துடைத்துவிட்டு அடுத்த ஷிப்டுக்கு மிஷினை ஓட்டச் சொல்லும் மேஸ்திரிகளை நாம் பார்த்ததில்லையா?

இப்போது அந்தச் ‘சுதந்திரத்துக்கு’ வருவோம்.

தம்பி சொல்கிற அந்த ரகக் குஸ்தியில் பேர் போனவர் சாபு. நிஜப் பெயர் டெரி பிரங்க். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர், லெபனான் வம்சாவளி. ஆனால் மேடையில் அவர் ஊர் என்ன? பம்பாய்! பெயரோ மைசூரிலிருந்து சினிமாவுக்குப் போன யானைப்பாகன் பையன் சாபுவின் பெயர். கிழக்குத் தேசத்தான் என்றால் காட்டுமிராண்டி. ஆகவே அடிக்கவும் அடிபடவும் தோதானவன் என்பது அமெரிக்க வியாபாரியின் கணக்கு. தன் ஊரையும் பேரையும்கூட மற்றவன் கணக்குக்கு மாற்றிக்கொள்ள வேண்டியவன் சுதந்திர மனிதன்!

1997 ஆகஸ்டில் பிலடெல்பியாவில் ஒரு பந்தயம். மேடையைச் சுற்றிக் கயிற்றுக்குப் பதிலாக முள்கம்பி. அதில் பாய்ந்த சாபுவின் மேல்கைச் சதை கிழிந்து தொங்கியது. அவர் என்ன செய்தார்? பிளாஸ்திரி டேப்பை வாங்கிக் கையில் சுற்றிக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். “ஆஹா, என்ன வீரம்!” என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. அவரை அப்படி ஆட வைத்த கம்பெனி 2001ல் திவாலாயிற்று. பல பயில்வான்களுக்குச் சம்பள பாக்கி. பிறகு பெரிய கம்பெனியில் கொஞ்ச நாள். மறுபடியும் சிறு ஊர்கள், சிறு மண்டபங்கள், இரவுக்கு இவ்வளவு என்ற கூலி. 2025 ஏப்ரல் 18 அன்று லாஸ் வேகாஸில் அவருடைய கடைசி ஆட்டம். அதுவும் முள்கம்பிதான். அப்போது அவருக்கு வயது 60. மே 11 அன்று காலமானார். எதனால் இறந்தார் என்று நாம் இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. நாம் கேட்பது வேறு: 60 வயது மனிதன் எதற்காக முள்கம்பிக்குள் இறங்க வேண்டும்? அந்தத் தொழிலில் பென்ஷன் உண்டா? கிராஜுவிட்டி உண்டா?

பெரிய கம்பெனிக்கு வாருங்கள். உலகத்தையே கட்டியாளும் டபிள்யூ.டபிள்யூ.இ. என்ன செய்கிறது? பயில்வான்களைத் தொழிலாளர் என்று ஒப்புக்கொள்வதே இல்லை. அவர்கள் ‘சுதந்திரக் காண்டிராக்டர்கள்’ என்கிறது! எந்த ஊரில் ஆட வேண்டும், என்ன உடை உடுத்த வேண்டும், என்ன பேச வேண்டும், யாரிடம் தோற்க வேண்டும், எல்லாம் கம்பெனி உத்தரவு. வேறு கம்பெனியில் ஆடக்கூடாது, அதுவும் உத்தரவு. ஆனால் காய்ச்சல் இன்ஷூரன்ஸ் என்று வந்தால் மட்டும், “ஐயா, நீர் சுதந்திர மனிதர். உமக்கு நாங்கள் ஏன் கட்ட வேண்டும்?” இந்தப் பித்தலாட்டத்தை எதிர்த்து 2008ல் மூன்று பயில்வான்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், வழக்குத் தள்ளுபடியாயிற்று. இதே கம்பெனி தன் வாராந்திரக் காட்சியை 10 வருஷத்துக்கு 500 கோடி டாலருக்கு விற்றிருக்கிறது. விற்கப்படுவது எது? முதலாளியின் முதுகெலும்பா?

நம் நாட்டுப் பயில்வானையும் பார்ப்போம். ‘கிரேட் காளி’ என்று உலகம் அறிந்த தலீப் சிங் ராணா, இமாசலப் பிரதேசத்தின் திராய்னா கிராமத்து ஏழை விவசாயி மகன். மழை பொய்த்த ஒரு வருஷம், இரண்டரை ரூபாய் சம்பளம் கட்ட முடியாமல் பள்ளியிலிருந்து துரத்தப்பட்டதையும், சிறு வயதிலேயே தினக்கூலிக்குப் போனதையும் அவரே தம் சரிதையில் சொல்லியிருக்கிறார். நம் விவசாயத் தொழிலாளர் வீட்டுக் கதை இதுவல்லவா? 1993ல் பஞ்சாப் போலீசில் எடுத்துக்கொண்டார்கள். 2000ல் கலிபோர்னியாவில் ஒரு சிறு குஸ்திக் கம்பெனிக்குப் போனார். அடுத்த வருஷம் மே மாதம் அங்கே பயிற்சியில், அவர் தூக்கிப் போட்ட 27 வயது இளைஞன் தலையில் அடிபட்டுச் செத்தான். குடும்பம் வழக்குப் போட்டது. 2005ல் ஜூரிகள் கம்பெனிதான் பொறுப்பு என்றார்கள். ஆக, சின்னக் கம்பெனியானாலும் பெரிய கம்பெனியானாலும் சாகிறவன் கூலிக்காரன்தான்.

ராணாவின் ஏழடி உடம்பைப் பார்த்து உலகமே வாய் பிளந்தது. 2007ல் சாம்பியன் பெல்ட்டும் கட்டினார்கள். அந்த உடம்பு எப்படி வந்தது? மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறால் வந்த வளர்ச்சி. 2012ல் அங்கிருந்த கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அத்தனை வருஷமும் ஒரு மனிதனின் நோயை மேடையில் ஏற்றி டிக்கெட் விற்றிருக்கிறார்கள்!

2014ல் கம்பெனியை விட்டு ஊர் திரும்பியவர் ஜலந்தரில் குஸ்திப் பள்ளி தொடங்கினார். 2016 பிப்ரவரியில் ஹல்துவானியில் நடந்த காட்சியில் வெள்ளைக்காரப் பயில்வான்கள் நாற்காலியால் அடித்து அவர் மண்டை உடைந்தது; டேராடூன் ஆஸ்பத்திரியில் தையல். நான்கே நாளில் மறுபடி மேடை ஏறினார். அவர் துணிவை நாம் குறைத்துப் பேசவில்லை. கூலியாளாய் இருந்தவர் மேஸ்திரியானார் என்பதையும் மறைக்கப் போவதில்லை. 2022ல் பாரதிய ஜனதாவில் சேர்ந்தார். அடுத்த வருஷம், மல்யுத்த சம்மேளனத் தலைவராக இருந்த அதே கட்சி எம்.பி.யின் மீது பாலியல் புகார் சொல்லி, நாட்டுக்கு மெடல் வாங்கித் தந்த பெண் பயில்வான்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். 2023 மே 28 அன்று, புதிய பார்லிமெண்ட் கட்டடம் திறந்த நாளிலே, போலீஸ் அவர்களைத் தெருவில் இழுத்துப் போட்டது. அவர்களுக்குப் பக்கத்தில் போய் நின்றவர்கள் யார்? விவசாயிகளும் தொழிற்சங்கங்களும்தான். ஸ்டேடியத்தில் கைதட்டிய கோடீஸ்வரர்களில் எத்தனை பேரை அங்கே பார்த்தீர்கள்?

இந்தச் ‘சுதந்திரம்’ நம் கடற்கரைக்குப் புதிதல்ல. முத்துச் சலாபம் நடந்த காலத்தை வயதானவர்களிடம் கேளுங்கள். தூத்துக்குடியில் 1961க்குப் பின் சலாபம் நடக்கவில்லை. கல்லில் காலை வைத்து, கயிற்றை ஒருவன் பிடிக்க, மூச்சை அடக்கிக் கடலடிக்கு இறங்குவான் முத்துக் குளிப்பவன். அவனுக்குக் கூலி கிடையாது, பங்குதான். அள்ளிவந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு வெள்ளைக்கார சர்க்காருக்கு, ஒரு பங்கு கடலில் மூழ்கினவனுக்கு! சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொன்ன கடல்கட்டிக்கும் அவன் சிப்பியில் கை போகும். காது கிழிந்தால், மூச்சு நின்றால், அவன் பாடு. ஏன்? அவன் யாருக்கும் வேலைக்காரன் அல்லவே, சுதந்திரமாய்ப் பங்குக்கு மூழ்கினவன் அல்லவா! நியூயார்க் வக்கீல்கள் கண்டுபிடித்த தந்திரம் என்று எண்ண வேண்டாம். நம் பாட்டன் அதன் கீழேதான் மூச்சடக்கினான்.

இன்றைக்கு டெல்லி சர்க்கார் அதையே சட்டமாக்கி வைத்திருக்கிறது. 2020ல் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் ‘கிக் தொழிலாளி’ என்று ஒரு ஜாதியைப் படைத்தார்கள். முதலாளி – தொழிலாளி என்ற வழக்கமான உறவுக்கு வெளியே நின்று சம்பாதிப்பவனாம்! வெளியே நிற்பவன் யாரிடம் போய் உரிமை கேட்பான்? 2025 ஜூலை 9 அன்று நாடெங்கும் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து இந்தத் தொகுப்புகளை எதிர்த்தார்கள். அதே வருஷம் நவம்பர் 21 முதல் நான்கு தொகுப்புகளையும் அமலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

பயில்வான்களுக்குச் சங்கம் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லையா? தோன்றியது. 1986ல் ஜெஸி வெஞ்சுரா என்ற பயில்வான், பெரிய பந்தயம் ஒன்றுக்கு முன்னால், சக பயில்வான்களைக் கூட்டி, “இப்போது ஒன்று சேர்ந்தால் கம்பெனி பணிந்தே தீரும்” என்று பேசினார். மறுநாளே முதலாளிக்குச் செய்தி போய்விட்டது. காட்டிக்கொடுத்தது யார் என்று வெஞ்சுராவுக்குப் பல வருஷம் தெரியாது. கம்பெனி மீது வேறொரு வழக்குப் போட்டபோது, முதலாளியே சத்தியப் பிரமாண வாக்குமூலத்தில் சொன்னதாக வெஞ்சுரா சொல்கிறார்: அந்தக் கருங்காலி வேறு யாருமல்ல, எல்லாரையும்விட அதிகச் சம்பளம் வாங்கிய நட்சத்திரப் பயில்வான் ஹல்க் ஹோகன்! மலையைப் போன்ற தேகம். நூறு பயில்வான்களை மண்ணைக் கவ்வ வைத்த கை. முதலாளி முன்னே மட்டும் அது கூப்பிக்கொண்டது. அன்று கலைந்த சங்கம் இன்றுவரை சேரவில்லை.

தம்பி, உன் ஊரில் கதை வேறு மாதிரி நடந்திருக்கிறது. 1908 பிப்ரவரியில் கோரல் மில்லில் உன்னைப்போல் கூலிக்காரர்கள்தான் வேலையை நிறுத்தினார்கள். ஒருவரும் பயில்வான் இல்லை. பஞ்சுத் தூசியில் நெஞ்சு காய்ந்தவர்கள். வ. உ. சிதம்பரம் பிள்ளை கூட நின்றார். சில நாட்களிலேயே ஹார்வி துரைமார் இறங்கி வந்தார்கள். கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. நீ கேலி செய்கிற அந்தச் சங்கு ஊதுகிற மில்லில், உன் தகப்பனாருக்கு ஒரு பி.எப். கணக்கும் ஈ.எஸ்.ஐ. அட்டையும் இருக்கிறதே, அவை யாரும் மேடையில் பெல்ட்டுக் கட்டிக்கொண்டு வாங்கித் தந்தவை அல்ல.

குஸ்தியை நீ பார்க்காதே என்று நாம் சொல்லவில்லை. பார். அடுத்த தடவை பார்க்கும்போது, விழுகிறவன் எழுந்து நொண்டிக்கொண்டே உள்ளே போகிறானே, அவனுக்கு யார் கட்டுப் போட்டது, அதற்கு யார் காசு கொடுத்தது என்று யோசித்துப் பார். அதோடு உன் காண்டிராக்டரிடமும் ஒரு கேள்வி கேள்: தோணியில் மூட்டை சரிந்து உன் கால் முறிந்தால், ரிஜிஸ்தரில் உன் பேர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க ஆபீஸ் திறந்திருக்கும். கூலிச் சீட்டு ஏதாவது கொடுத்திருந்தால் எடுத்து வா. கொடுக்கவில்லை என்றால், அதைச் சொல்லவே வா. கூட வேலை பார்க்கிற நாலு பேரையும் அழைத்து வா.