குற்றாலத்துல வாங்கின பொடியை உங்க டாக்டர்கிட்டயும் காட்டுங்க

1/ குற்றாலம் சீசன் களைகட்டியாச்சு. சாரல், ஐந்தருவிக் குளியல், ரம்புட்டான், மங்குஸ்தான், எண்ணெய் மசாஜ். ஊருக்குத் திரும்பும்போது பையில நாலஞ்சு மூலிகைப் பொட்டலம். சுகருக்கு ஒண்ணு, மூட்டுவலிக்கு ஒண்ணு, 'உடம்பு சுத்தமாக' ஒண்ணு. அந்தப் பொட்டலங்களைப் பத்தித்தான் இந்த த்ரெட். மூலிகையைத் திட்டப் போறேன்னு நினைச்சு ஓடிராதீங்க. கொஞ்சம் நீளம், முழுசா படிங்க.

2/ நான் தென்காசிப் பக்கம் வைத்தியம் பாக்கிற பொது மருத்துவர். என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். நாட்டு மருந்து சாப்பிடுறதை விட, அதை டாக்டர்கிட்ட சொல்லாம சாப்பிடுறதுதான் பெரிய ஆபத்து. இப்படிச் சொல்லாம இருக்கிறதுக்குப் பாதிக் காரணம் நோயாளி. மீதிப் பாதி எங்க டாக்டர் கூட்டம்.

3/ இந்தப் பக்கம் எந்த கிளினிக்லயும் தினமும் கேக்கலாம்:

"வேற ஏதும் மருந்து எடுக்கீங்களா?"
"இல்ல சார்."
"கஷாயம், பொடி, லேகியம்?"
"சிறியாநங்கைப் பொடி மட்டும் காலைல வெறும் வயித்துல ஒரு ஸ்பூன். அது மருந்து இல்லலா சார், வெறும் இலைதான?"

4/ அவர் பொய் சொல்லல. அவரைப் பொறுத்தவரை அட்டையில வர்ற மாத்திரைதான் மருந்து, பொட்டலத்துல வர்றது சாப்பாடு மாதிரி. இரண்டாவது கேள்வியைக் கேக்கலைன்னா அந்தப் பொடி சீட்டுல ஏறவே ஏறாது.

5/ இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்ல. 1993-ல அமெரிக்காவில வந்த ஒரு பிரபலமான ஆய்வு, மூணுல ஒருத்தர் மாற்று வைத்தியம் எதையாவது பயன்படுத்தறதாச் சொல்லிச்சு. அவங்கள்ல 72 சதவீதம் பேர் அதைத் தங்களோட டாக்டர்கிட்ட சொல்லல. அங்க இருக்கிற மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள்ல குழந்தைக்கு வயிறு மந்தம்னா 'அசர்கான்', 'கிரெட்டா'ன்னு பாரம்பரியப் பொடி குடுக்கிற வழக்கம் இருந்துச்சு. 1980-கள்ல பரிசோதிச்சுப் பாத்தா அது கிட்டத்தட்ட முழுக்க ஈயம். குடுத்தது பாசமான பாட்டிகள்தான்.

6/ 'மூலிகையில ஒண்ணும் இல்ல, எல்லாம் ஏமாத்து'ன்னு சொல்ற டாக்டர் ஆள் நான் இல்ல. சுகருக்கு நாங்க முதல்ல எழுதுற மெட்ஃபார்மினோட பூர்வீகமே ஐரோப்பாவில ஒரு செடி. ரத்தப் புற்றுநோய்க்குக் குடுக்கிற வின்கிரிஸ்டின் நம்ம வீட்டு வாசல் நித்தியகல்யாணியில இருந்து வந்தது. குற்றாலநாதருக்கே கஷாயம் நைவேத்தியம் பண்ற ஊர் இது.

7/ ஆனா இலைக்கு நல்லது செய்ற சக்தி இருக்குன்னா, கெடுதல் செய்றதுக்கும், நீங்க சாப்பிடுற மாத்திரையோட மோதுறதுக்கும் அதே சக்தி இருக்கும். 'வேலை செய்யும், ஆனா பக்கவிளைவே கிடையாது'ன்னு ஒரு பொருள் உலகத்துல இல்ல. இயற்கைன்னா எட்டிக்காயும் இயற்கைதான்.

8/ உதாரணம் 1: சுகர். சிறியாநங்கை, சிறுகுறிஞ்சான் ரெண்டுக்கும் சர்க்கரையைக் குறைக்கிற தன்மை உண்டு. நீங்க ஏற்கெனவே கிளிமிபிரைடு மாத்திரை போடுறீங்க. பொடியையும் சேத்துட்டு, ஒரு நாள் விரதமும் இருந்தா சுகர் 70-க்குக் கீழ போயிரும். வேர்வை, படபடப்பு, உளறல், மயக்கம். வயசானவங்களுக்கு, அதுவும் கிட்னி கொஞ்சம் பலவீனமா இருந்தா, ஒரு தடவை குளுக்கோஸ் ஏத்தியும் திரும்பத் திரும்ப இறங்கும்.

9/ இன்னொரு சிக்கல். பெரும்பாலான இடத்துல சிறியாநங்கையும் நிலவேம்பும் ஒரே செடிதான். சுகருக்குன்னு சிறியாநங்கைப் பொடி, காய்ச்சலுக்குன்னு நிலவேம்புக் குடிநீர், ரெண்டும் வேற வேறன்னு நினைச்சு ஒரே நாள்ல இரட்டை அளவு உள்ள போகுது.

10/ உதாரணம் 2: அதிமதுரம். இருமல், தொண்டைக்கட்டுக்கு வீட்டுக்கு வீடு உண்டு. ரெண்டு நாள் வாயில அடக்கிக்கிட்டா ஒண்ணும் ஆகாது. வாரக்கணக்கா தினமும் பொடியாச் சாப்பிட்டா உடம்புல உப்பும் நீரும் தங்கும், பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பொட்டாசியம் இறங்கினா இதயத் துடிப்பு தடுமாறும். பிரஷருக்காக நீர் பிரியற மாத்திரை போடுறவங்களுக்கு இது ரெட்டை அடி. டாக்டருக்கு அதிமதுரம் விஷயம் தெரியாது. 'பிரஷர் குறையலையே'ன்னு இன்னொரு மாத்திரையைக் கூட்டுவார்.

11/ உதாரணம் 3: ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி. குடற்பூச்சிக்கும் விஷக்கடிக்கும்னு கேள்விப்பட்டிருப்பீங்க. இந்தக் குடும்பத்துச் செடிகள்ல அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கு. கிட்னியை நிரந்தரமாச் சுருக்கும். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனுஷருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான பட்டியல்லயே இதை வச்சிருக்கு.

12/ 1990-களோட ஆரம்பத்துல பெல்ஜியம் நாட்டு பிரசல்ஸ்ல உடல் எடை குறைக்கிற ஒரு கிளினிக்ல சீன மூலிகை கலந்த மாத்திரை குடுத்தாங்க. சுமார் 100 பெண்களுக்குக் கிட்னி கெட்டுச்சு. பலருக்கு டயாலிசிஸ், மாற்று சிறுநீரகம், சில வருஷம் கழிச்சு சிறுநீர்ப் பாதைப் புற்றுநோய். காரணம் என்ன? ஒரு மூலிகைக்குப் பதிலா, சீனப் பேர்ல கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்த அரிஸ்டோலோக்கியா செடி மாறிப் போச்சு. பேர் மாறினா கிட்னியே போகும்.

13/ அதே பேர்க் குழப்பம் நமக்கும் உண்டு. கொரோனா காலத்துல எதிர்ப்பு சக்திக்குன்னு சீந்தில் குடிச்ச 6 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததா 2021-ல மும்பை டாக்டர்கள் எழுதினாங்க. ஆயுஷ் அமைச்சகம் மறுத்துச்சு, அது சீந்திலா இருக்காது, அதே மாதிரி இருக்கிற வேற கொடியா இருக்கலாம்னு. சரி, அப்படியே வச்சுக்குவோம். அரைச்ச பொடியைப் பாத்து அது எந்தக் கொடின்னு உங்களால சொல்ல முடியுமா? என்னாலயும் முடியாது.

14/ சமையல் மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். ஆனா மஞ்சள் சத்தை மட்டும் பிரிச்சு, நல்லா உறிஞ்சணும்னு சிலதுல மிளகுச் சத்தும் சேத்து கேப்ஸ்யூலா விக்கிறாங்களே, அதுல கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பத்தி 2022-ல அமெரிக்க ஆய்வு வந்திருக்கு. அளவும் வடிவமும் மாறினா பொருளே மாறின மாதிரி.

15/ மூட்டுவலி, ஆஸ்துமாவுக்கு 'மூணே நாள்ல பறந்து போச்சு'ங்கிற பொடி மேல எப்பவும் சந்தேகம் வைங்க. இப்படிப் பொடிகள்ல ஸ்டீராய்டு கலந்திருந்தது பல தடவை பரிசோதனையில பிடிபட்டிருக்கு. முகம் உப்புது, பசி கூடுது, சுகர் ஏறுதுன்னா உஷார். ஆனா மாசக்கணக்கா சாப்பிட்டதைத் திடீர்னு நிறுத்தவும் கூடாது, அதுவும் ஆபத்து. பொட்டலத்தோட டாக்டர்கிட்ட வாங்க.

16/ 'எங்க தாத்தா இதைத்தான சாப்பிட்டாரு'ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. தாத்தாவோட வைத்தியர் நாடி பாத்தார், பத்தியம் சொன்னார், 'இத்தனை நாள் போதும்'னு நிறுத்தவும் சொன்னார். தாத்தா கூடவே கிளிமிபிரைடு, பிரஷர் மாத்திரை, ரத்தம் உறையாத மாத்திரைன்னு நாலு போடல. நீங்க போடுறீங்க.

17/ குற்றாலத்துக்குன்னு ஒரு தனிச் சிக்கல் இருக்கு. வாங்குறவர் மதுரை, சிவகாசி, தூத்துக்குடிக்காரர். சீசன்ல வாங்கி, புரட்டாசி வரைக்கும் வீட்டுல சாப்பிடுவார். கண் மஞ்சளாகும்போது அவர் அந்த ஊர் ஆஸ்பத்திரியில இருப்பார். அந்த டாக்டருக்குப் பொட்டலத்தைப் பத்தித் தெரியாது. வித்தவருக்கும் இது காதுக்கே வராது, அதனால அடுத்த சீசன்லயும் 'யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல சார்'னு மனசறிஞ்சே சொல்லுவார்.

18/ சக டாக்டர்களுக்கு: 'கஷாயம் குடிச்சீங்களா? அப்ப அங்கேயே போங்க'ன்னு ஒரு தடவை எரிஞ்சு விழுந்தா, அந்த நோயாளி அடுத்த தடவை வாயே திறக்க மாட்டார். அவர் பொடியை நிறுத்தியிருக்க மாட்டார், சொல்றதை மட்டும் நிறுத்தியிருப்பார். 'வேற மருந்து உண்டா?'ன்னு மட்டும் கேக்காதீங்க. பொடி, கஷாயம், லேகியம், அரிஷ்டம், புரோட்டீன் பவுடர்னு பேர் சொல்லிக் கேளுங்க. சீட்டுல எழுதுங்க.

19/ மக்களுக்கு:
- டாக்டரைப் பாக்கப் போகும்போது பொட்டலத்தையும் எடுத்துட்டுப் போங்க. முடியலைன்னா போன்ல போட்டோ.
- பேர், உட்பொருள், தயாரிப்பு தேதி, லைசென்ஸ் எண் இல்லாத பொடி வேண்டாம்.
- பொடியை நம்பி சுகர், பிரஷர், வலிப்பு மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.
- கர்ப்பிணி, தாய்ப்பால் குடுக்கிறவங்க, கிட்னி, கல்லீரல் பிரச்சினை உள்ளவங்க கேக்காமத் தொடவே வேண்டாம்.
- ஆபரேஷன் தேதி குறிச்சாச்சுன்னா அன்னிக்கே சொல்லிடுங்க. சில மூலிகைகளை 2 வாரம் முன்னாடியே நிறுத்தணும்.

20/ சித்த மருத்துவம்தான் வேணும்னா தாராளமா போங்க, ஆனா படிச்சவங்ககிட்ட போங்க. பக்கத்துலயே பாளையங்கோட்டையில அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கு. அரசு மருத்துவமனைகள்லயும் சித்தா பிரிவு உண்டு, செலவில்லை. அவங்ககிட்டயும் உங்க இங்கிலீஷ் மருந்துச் சீட்டைக் காட்டுங்க. ரெண்டு பக்கமும் தெரிஞ்சாத்தான் ரெண்டு வைத்தியமும் ஒழுங்கா நடக்கும்.

21/ அரசாங்கத்துக்கு ஒரு கோரிக்கை. சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்னு விளம்பரம் பண்றதை 1954-லயே சட்டம் போட்டுத் தடுத்தாச்சு. 2019-ல தென்காசி தனி மாவட்டமாவும் ஆயாச்சு. சீசன் மூணு மாசமும் அருவிச் சாலைக் கடைகள்ல மாதிரி எடுத்துப் பரிசோதிச்சு, முடிவைத் தமிழ்ல வெளியிடுங்க. நேர்மையா விக்கிற மூலிகைக் கடைக்காரருக்கும் அதுதான் நல்லது.

22/ இந்த வருஷமும் குற்றாலம் வாங்க, நல்லாக் குளிங்க. வீட்டுல அப்பா அம்மாவோட மருந்து டப்பாவை இன்னிக்கே ஒரு தடவை திறந்து பாருங்க. பேர் எழுதாத பொட்டலம் இருந்தா, 'இது என்ன, எதுக்கு, எத்தனை நாளா'ன்னு திட்டாமக் கேளுங்க. பதிலை அடுத்த செக்கப்ல அவங்க டாக்டர்கிட்ட சொல்லுங்க. அவ்வளவுதான்.