தோல் ஒவ்வாமைச் சோதனைக்கு விலங்குகள் தேவையில்லை: நிலைப்பாட்டு அறிக்கை

தோலில் அமிலம் பட்டால் யாருக்கும் உடனே எரியும். ஒவ்வாமை அப்படி வருவதில்லை. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், தொல்லையின்றித் தொட்டுப் பழகிய ஒரு வேதிப்பொருள் ஒருநாள் கைக்கு ஒத்துக்கொள்ளாமல் போகிறது. விரலிடுக்கில் அரிப்பு, பிறகு சிறுசிறு நீர்க்கொப்புளம், பிறகு வெடிப்பு. அதன்பின் அந்தப் பொருள் துளி பட்டாலும் ஓரிரு நாளில் மறுபடி கிளம்பிவிடும். களிம்பு தடிப்பை அடக்கும். ஆனால் நோய் எதிர்ப்பு மண்டலத்தில் பதிந்த நினைவு பெரும்பாலும் ஆயுளுக்கும் நீடிக்கும். எனவே எந்தப் பொருள் ஒவ்வாமையூட்டும் என்பதை மனிதக் கை தொடுவதற்கு முன்பே கண்டறிய வேண்டியிருக்கிறது. அந்தச் சோதனையை எப்படிச் செய்வது என்பதே இந்த அறிக்கையின் பொருள்.

சென்னையின் பாடி, கொரட்டூர், அம்பத்தூர் தொழிற்பேட்டை வட்டாரத்துக்கு இது வேலையோடு ஒட்டிய கேள்வி. லேத் பட்டறையில் இரும்பைக் கடையும்போது பால் போன்ற கூலன்ட் இடைவிடாமல் வழிகிறது. ஆபரேட்டரின் கை ஷிப்ட் முழுவதும் அதில் நனைகிறது. தொட்டியில் தேங்கும் அந்த நீர் நாற்றமெடுக்காமலிருக்கக் கிருமிக்கொல்லி சேர்க்கிறார்கள். மெத்தில்ஐசோதயசோலினோன் அந்த வகைப் பொருள். ஷாம்புவிலும் சுவர் பெயின்டிலும்கூட அது உண்டு. பிளேட்டிங் பட்டறையில் நிக்கல் உப்பும் குரோமிய அமிலமும், ரப்பர் வார்ப்பில் மெர்காப்டோபென்சோதயசோலும், பசைகளில் எபாக்சி ரெசினும் புழங்குகின்றன. எல்லாமே தோல் மருத்துவர்கள் நன்கறிந்த ஒவ்வாமையூட்டிகள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அறிவிக்கப்பட வேண்டிய தொழில் நோய்களில் ஒன்றாக வேதிப்பொருள், பெயின்ட் வழி வரும் தோல் அழற்சியைச் சேர்த்தது. எரிச்சலூட்டிகள், ஒவ்வாமையூட்டிகள் என்று இரண்டையும் தனித்தனியே குறிப்பிடவும் செய்தது. சட்டம் அத்தனை காலத்துக்கு முன்பே கண்ட வேறுபாடு பட்டறையில் இன்னும் ‘கெமிக்கல் அலர்ஜி’ என்ற ஒரே சொல்லில் கரைந்துவிடுகிறது.

தோல் ஒவ்வாமைச் சோதனைக்கு நெடுங்காலம் கினிப்பன்றியே கருவியாக இருந்தது. சிறிய வேதி மூலக்கூறுகள் அதன் தோலில் ஒவ்வாமையை உண்டாக்குவதை லாண்ட்ஸ்டைனரும் ஜேக்கப்ஸும் 1935இல் காட்டினார்கள். 1969இல் மாக்னுசனும் கிளிக்மனும் வகுத்த முறை உலகெங்கும் பரவியது. அதில், எதிர்ப்பு வினையைத் தூண்டிவிடும் ஃபிராய்ண்டு கலவையோடு வேதிப்பொருளைச் சேர்த்துத் தோள்பட்டையின் தோலுக்குள் ஊசியால் செலுத்துகிறார்கள். ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் 48 மணி நேரம் பட்டை போட்டு மூடுகிறார்கள். மூன்றாம் வாரம் விலாப்புறத்தில் மறுபடி தடவித் தோல் சிவக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு பொருளுக்குக் குறைந்தது 10 விலங்குகள், ஒப்பீட்டுக்கு இன்னும் 5. ஊசி போட்ட இடம் புண்ணாவது இந்த முறையில் வழக்கம். 2002இல் ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) நெறிமுறையாக ஏற்றுக்கொண்ட சுண்டெலிச் சோதனை வேதனையைக் குறைத்தது உண்மை. மூன்று நாள் காதின் புறத்தோலில் தடவி, ஆறாம் நாள் எலியைக் கொன்று, காதருகே உள்ள நிணநீர்க் கணுவில் செல்கள் எவ்வளவு பெருகியிருக்கின்றன என்று அளப்பது அந்த முறை. உயிர் போவது மட்டும் மாறவில்லை.

விலங்குச் சோதனைக்கு எதிரான வாதம் இரக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. நிக்கலை எடுத்துக்கொள்ளலாம். கவரிங் தோடு, பேன்ட் பட்டன், வாட்ச் பின்புறம் என்று உலகில் மிக அதிகமானோருக்குத் தொடு ஒவ்வாமை தரும் உலோகம் அது. சுண்டெலிச் சோதனை அதைத் தவறவிட்டது. காரணம் 2010இல் தெளிவானது: மனித நோய் எதிர்ப்புச் செல்களின் மேற்பரப்பில் உள்ள டி.எல்.ஆர்.-4 என்ற ஏற்பியில் குறிப்பிட்ட ஹிஸ்டிடின்கள் இருக்கின்றன, நிக்கல் அவற்றைப் பற்றிக்கொள்கிறது. சுண்டெலியின் ஏற்பியில் அந்த ஹிஸ்டிடின்கள் இல்லை. பிளேட்டிங் தொட்டியருகே நிற்பவரின் கைக்கு வரும் ஆபத்தைப் பற்றிச் சுண்டெலியின் காது சொல்ல முடியாமல் போனதற்கு இந்தச் சிறு வேறுபாடு போதுமானதாக இருந்தது.

ஒவ்வாமை படிப்படியாக உருவாகும் வழியை ஓ.இ.சி.டி. 2012இல் ஓர் ஆவணமாகத் தொகுத்தது. விலங்கில்லாத புதிய சோதனைகள் அந்தப் படிகளில் ஒவ்வொன்றைப் பார்ப்பவை. வேதிப்பொருள் முதலில் தோலின் புரதத்தோடு ஒட்டுகிறது. தனியாக நின்றால் அது உடலின் கண்ணில் படாத அளவுக்குச் சிறியது. இதைச் சோதிக்கச் சிஸ்டீன் உள்ள ஒன்று, லைசின் உள்ள ஒன்று என இரண்டு சிறு பெப்டைடுகளை வேதிப்பொருளோடு 24 மணி நேரம் குப்பியில் வைத்து, ஒட்டாமல் மீந்தது எவ்வளவு என்று அளக்கிறார்கள். உயிரே இல்லாத சோதனை இது. அடுத்த படி, தோலின் மேல்செல்கள் பதறுவது. மனிதத் தோல்செல்லில் மின்மினியின் ஒளிநொதி மரபணுவைப் பொருத்தியிருக்கிறார்கள். செல்லின் தற்காப்புப் பாதை விழித்துக்கொண்டால் அந்த நொதி உருவாகும், உரிய வினைபொருளைச் சேர்த்ததும் தட்டிலுள்ள சிறுகுழி ஒளிரும். அந்த ஒளி 1.5 மடங்கைத் தாண்டுகிறதா என்பதைக் கருவி எண்ணுகிறது. மூன்றாவது, காவல் செல்கள் விழிப்பது. மனித இரத்தப் புற்றிலிருந்து வளர்த்தெடுத்த டி.எச்.பி.-1 செல்களின் மேல் சி.டி.86, சி.டி.54 என்ற இரண்டு குறிகள் கூடுகின்றனவா என்று பார்க்கிறார்கள். இந்தச் சோதனையை நடத்தத் தகுதி பெற விரும்பும் ஆய்வகம் சரியாகக் கண்டுபிடித்துக் காட்ட வேண்டிய பொருட்களின் பட்டியலில் நிக்கல் சல்ஃபேட் இருக்கிறது. ரப்பர் பட்டறையின் மெர்காப்டோபென்சோதயசோலும் முடிச்சாயத்தின் பாரா-ஃபினைலீன்டையமீனும் அதே பட்டியலில் உள்ளன.

ஒரு சோதனை தனியாகத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. 2021 ஜூனில் வெளியான ஓ.இ.சி.டி.யின் 497ஆம் நெறிமுறை, மூன்றில் இரண்டு ஒரே பக்கம் சொன்னால் அதை முடிவாக ஏற்கிறது. மனிதர்களிடம் கிடைத்த தரவுகளோடு ஒப்பிட்டபோது இந்தத் தீர்ப்பு சுண்டெலிச் சோதனையைவிட நன்றாகவே பொருந்தியது.

குறைகளை மறைப்பது இந்த நிலைப்பாட்டுக்கு உதவாது. பெப்டைடுச் சோதனை உலோகங்களுக்குப் பொருந்தாது; அவை புரதத்தைப் பற்றும் விதமே வேறு. நீரில் கரையாத எண்ணெய்ப் பொருட்கள் செல் சோதனையில் போலியாக ‘ஆபத்தில்லை’ என்று காட்டக்கூடும். உடலின் நொதிகள் மாற்றிய பிறகே ஒவ்வாமையூட்டும் பொருட்களும் சில நேரம் நழுவும். ‘மூன்றில் இரண்டு’ முறை உண்டா இல்லையா என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு வீரியம் என்பதற்குக் கணினிக் கணிப்பையும் சேர்க்கும் முறைகள் அதே நெறிமுறையில் உள்ளன. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: செல்களை வளர்க்கும் ஊடகத்தில் மாட்டின் கருக்கன்றிலிருந்து எடுத்த சீரம் கலக்கப்படுகிறது. அது தொடரும் வரை இந்தச் செல் சோதனைகளை விலங்குப் பொருள் அறவே கலக்காதவை என்று அழைப்பது சரியாகாது. சீரம் இல்லாத ஊடகத்துக்கு மாறும் ஆய்வகங்களுக்கு முன்னுரிமை தரப்பட வேண்டும்.

அழகுசாதனங்களை விலங்குகளில் சோதிப்பதை இந்தியா 2014 மே மாதம் தடை செய்தது. அவ்வாறு சோதித்தவற்றின் இறக்குமதிக்கான தடை அதே ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. புதிய மருந்து விதிகளில் 2023இல் செய்த திருத்தம் செல்வழி, கணினிவழி முறைகளுக்கு இடம் தந்தது. இலக்கின் பாதி இன்னும் பாக்கி. ஷாம்புவில் கலக்கும் கிருமிக்கொல்லிக்கு அழகுசாதனத் தடை பொருந்தும். அதே மூலக்கூறு கூலன்ட் டிரம்முக்குள் போனால் பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியம் 2016இலேயே தொழில் வேதிப்பொருட்களுக்கும் விலங்கில்லாச் சோதனையை முதலில் செய்யச் சொல்லி விதியை மாற்றியது. பாடியின் உதிரிபாகங்களும் ரசாயனங்களும் செல்லும் சந்தைகளில் ஐரோப்பாவும் ஒன்று. தவிர, 2011 முதல் ஓ.இ.சி.டி.யின் தரவுப் பரஸ்பர ஏற்பில் இந்தியா முழு உறுப்பு. நல்லாய்வக நடைமுறைச் சான்று பெற்ற இந்திய ஆய்வகம் 497ஆம் நெறிமுறைப்படி தரும் முடிவு அங்கேயும் செல்லும், மறுபடி சோதிக்க வேண்டியதில்லை.

எனவே இந்த அறிக்கையின் நிலைப்பாடு இது: எந்தச் சட்டத்தின் கீழ் வரும் பொருளானாலும், தோல் ஒவ்வாமைக்காக இந்தியாவில் புதிதாக விலங்குச் சோதனை கோரப்படக் கூடாது. ஏற்கெனவே உள்ள விலங்குத் தரவுகளையும் நோயாளிகளின் முதுகில் பட்டை ஒட்டி எடுத்த பேட்ச் டெஸ்ட் முடிவுகளையும் முதலில் பயன்படுத்த வேண்டும். எஞ்சிய இடைவெளிக்கு 497ஆம் நெறிமுறை. அது பொருந்தாத உலோகம் போன்றவற்றில், ஐயம் இருந்தால் ஒவ்வாமையூட்டி என்றே வகைப்படுத்திக் கையைக் காப்பாற்ற வேண்டும். ஐயத்தைத் தீர்க்க விலங்கைத் தேடுவது வழியில்லை. தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் புதிதன்று. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் 2009இல் தொடங்கிய மகாத்மா காந்தி–டோரன்காம்ப் மையம் விலங்கு மாற்று முறைகளுக்காகவே உருவானது. அத்தகைய பயிற்சியைத் தொழிற்பேட்டைகளுக்கு அருகிலுள்ள ஆய்வகங்களுக்கும் கொண்டுவர மாநில அரசு நிதி ஒதுக்க வேண்டும். சிறு பட்டறைக்குப் பொருள் தருபவர் தாங்கக்கூடிய கட்டணத்தில் சோதனை கிடைக்க வேண்டும்.

சோதனை முடிவு பட்டறைத் தளம்வரை வந்து சேர வேண்டும் என்பதும் இந்த நிலைப்பாட்டின் பகுதி. உலகளாவிய வகைப்பாட்டில் தோல் ஒவ்வாமையூட்டிக்கு எச்-317 என்ற எச்சரிக்கை உண்டு. இருநூறு லிட்டர் டிரம்மில் அது ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். கூலன்ட் அங்கிருந்து பழைய எண்ணெய் கேனுக்கு ஊற்றப்பட்டு லேத்துக்குப் போகும்போது எச்சரிக்கை டிரம்மோடு நின்றுவிடுகிறது. ஊற்றப்படும் ஒவ்வொரு கேனிலும் பொருளின் பெயர், ‘தோல் ஒவ்வாமை உண்டாக்கும்’ என்ற வரி, எந்த வகைக் கையுறை என்ற குறிப்பு ஆகியவை தமிழில் ஒட்டப்பட வேண்டும். பட்டறையில் வேறு மொழி பேசும் தொழிலாளர் இருந்தால் அவர்கள் மொழியிலும்.