வீட்டிற்குள் ஒரு கங்காணி

“அடியாத மாடு படியாது” என்பது நம்மவர்க்கு வெறும் பழமொழி அன்று. பிள்ளை வளர்ப்புச் சாஸ்திரமே அதுதான். மாட்டிற்குச் சொன்னதை மகனுக்கும் மகளுக்கும் ஏற்றிச் சுவரில் பிரம்பைத் தொங்கவிட்டிருக்கும் வீடுகள் தோட்டத்திலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு. கேட்டால், “பெற்றவனுக்கு இல்லாத உரிமையா?” என்பர். “நாங்களும் அடிபட்டுத்தானே ஆளானோம்” என்றும் சொல்வர். இவற்றை அறிவென்னும் தராசில் இட்டு நிறுத்துப் பார்ப்போம்.

அமெரிக்க ஆராய்ச்சியாளர்களாகிய எலிசபெத் கெர்ஷாப், ஆண்ட்ரூ க்ரோகன்-கேலர் என்னும் இருவர், 75 ஆராய்ச்சிகளை ஒருங்கு திரட்டி ஆய்ந்து 2016-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அவற்றில் அடங்கிய பிள்ளைகள் 160,927 பேர். பிரம்படியை அவர்கள் கணக்கில் கொள்ளவில்லை. வெறுங்கையால் பிட்டத்திலோ கை கால்களிலோ அடிக்கும் அடியையே எடுத்துக்கொண்டனர். ஆய்ந்த 17 விளைவுகளுள் 13 விளைவுகளில் அவ்வடிக்கும் தீமைக்கும் தொடர்பு தெளிவாயிற்று. முரட்டுத்தனம், மனநோவு, பெற்றோரோடு உறவு கெடுதல் ஆகியன அவற்றுட் சில. நன்மைப் பக்கம் தெளிவாகச் சாய்ந்தது ஒன்றேனும் இல்லை!

“குறும்பு மிகுந்த பிள்ளைதானே மிகுதியாக அடிபடுகிறது?” என்று வினவலாம். நன்று, அடி மருந்தாயின் அக்குறும்பு தணிந்திருக்க வேண்டுமன்றோ? மற்றொன்றையும் அவ்வாய்வு காட்டிற்று: அடிபட்டு வளர்ந்தோர் பெரியவர்களான பின் அடியை ஆதரிக்க முற்படுகின்றனர். “நாங்களும் அடிபட்டு ஆளானோம்” என்னும் வாதம் அடியின் நன்மைக்குச் சான்றாகாது; அடி விட்டுச் சென்ற தழும்பே அது.

இனி, அடிக்கும் கை எங்கிருந்து வருகிறது? ரீனா ரெபெட்டி என்னும் மனோதத்துவ அறிஞர், விமானங்களுக்குத் தரையிலிருந்து வழிகாட்டும் தொழில் செய்யும் தந்தையரை ஆராய்ந்து 1994-இல் எழுதினார். வேலையிடத்தில் சச்சரவு நிகழ்ந்த நாளில், அவர்கள் வீட்டில் பிள்ளைகளிடம் மிகுந்த சினம் காட்டினர். பிள்ளையின் குற்றம் அன்று ஒன்றும் பெருகிவிடவில்லை. தந்தையின் மனமே புண்பட்டிருந்தது. மேலதிகாரியிடம் வாங்கிய ஏச்சைக் குழந்தையின் முதுகில் இறக்கிவிட்டு, அதற்கு ஒழுக்கப் பயிற்சி என்று பெயரிடுவது என்ன நீதி?

தோழர்களே! 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வை மட்டுமா கேட்டனர்? துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்னும் இழிவும் ஒழிய வேண்டும் என்றனர். வயிற்றைவிட மானம் பெரிதென்று முழங்கிய இனம் இது. அவ்வினத்தின் வீட்டிலே, தந்தையின் செருப்போசை கேட்டதும் சிரிப்பு அடங்கிப் பிள்ளைகள் மூலையில் ஒதுங்கி நிற்கலாமா? துரைக்கு முன் நாம் மறுத்த கூனலை நம் மக்கள் நமக்கு முன் குனியவேண்டுமா?

அடிக்க வேண்டா என்றால் கட்டவிழ்த்து விடுக என்பதன்று. விதி இருக்கட்டும், அதன் காரணமும் கூறப்படட்டும், பிள்ளையின் மறுமொழியும் கேட்கப்படட்டும். காரணம் அறிந்து அடங்குபவன் நாம் இல்லாத இடத்திலும் நேர்மையாய் நடப்பான். பிரம்புக்கு அஞ்சி அடங்குபவன் பிரம்பு மறைந்ததும் மாறிவிடுவான்.

தாய்மாரே, தந்தைமாரே! தோட்டத்துக் கங்காணியின் பிரம்பை வெறுத்த நாம், அதை வீட்டில் பூசிப்பது அறிவுடைமை ஆகாது. இன்றே முறித்து அடுப்பில் இடுங்கள்!